இரண்டு பேர் பார்க்காமல் கழிக்கக் கூடாது

அன்புள்ள என் வாயாடிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனது மாதிரி தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, மற்றபடி பசி, தூக்கம், சண்டை எல்லாம் வேளாவேளைக்கு நடக்கிறது. அங்கே உன் உடம்பும் மனசும் எப்படி என்று தனித்தனியாக எழுது, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம், உன்னைப் பெற்றவள் நான். போனில் சொல்லியிருக்கலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் நான் எங்கே விட்டேன் என்பதே மறந்துபோயிருக்கும். இந்த விஷயத்தை முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்ல வேண்டும். எப்படியும் நீ கேட்ட தாள்களைத் தபாலில் அனுப்பியாக வேண்டும், அதோடு இதுவும் வரட்டும். ஒரு சத்தியம் மட்டும் செய்துகொடு, கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற உன் கெட்ட பழக்கத்தை இங்கே காட்டாதே. எனக்கு அந்த வேலை கிடைத்ததா இல்லையா என்பது கடைசியில்தான் இருக்கிறது. எந்த வேலை என்று கேட்கிறாயா, பார், கடிதத்தில்கூட உன்னால் குறுக்கே பேசாமல் இருக்க முடியவில்லை.

நீ அனுப்பிய கட்டு போன மாதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பன்னிரண்டு தாள், மேலே கொட்டை எழுத்தில் "வாழ்நாள் முழுவதுமான ஊக்கமும் தன்வளர்ச்சியும்: தொழில் வழிகாட்டல் வகுப்புக்கான பயிற்சித் தாள்" என்று தலைப்பு. உன் அப்பா முப்பது வருஷம் பஸ்ஸில் பதினாலு நிறுத்தத்தின் பெயரையும் ஒரே மூச்சில் சொன்ன கண்டக்டர், அவராலேயே அதை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, பாதியில் இருமல் வந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கூடவே நீ வைத்திருந்த குறிப்பை நான் இரண்டு தடவை படித்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என்ன ஆகப்போகிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டு, அது பயத்தில் சொல்கிற பதிலை அப்படியே அதன் கழுத்தில் மாட்டிவிடுகிறோம், ஆனால் மனுஷருடைய ஆர்வம் ஆயுசு முழுக்க ஏறும், இறங்கும், இடம் மாறும், அதைத் தானே கவனிக்கத் தெரிந்தவர்கள்தான் எந்த வயதிலும் தங்களுக்கான வேலையைக் கண்டுபிடிப்பார்கள், அந்தக் கவனிப்பைத்தான் வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்று எழுதியிருந்தாய். என் வயிற்றில் பிறந்ததா இவ்வளவு யோசிக்கிறது என்று பெருமையாகத்தான் இருந்தது. மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் தெரிந்தவர்கள் நாலு பேரிடம் கொடுத்து எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்லம்மா என்று கேட்டிருந்தாய், சரி, நமக்குத் தெரிந்தவர்கள் வேறு யார், நான் கட்டை அப்படியே பையில் போட்டு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

டீ நேரத்தில் மடிப்பு மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம், என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். உன் தாளில் குறுக்கே ஒரு கோடு, அதில் ஐந்து வயதிலிருந்து ஐந்தைந்தாக எண், எந்த வயதில் உற்சாகமாக இருந்தீர்கள், எந்த வயதில் சுணங்கினீர்கள் என்று உங்களுக்குப் பிடித்த குறியைப் போடுங்கள் என்று இருந்தது. நீ நட்சத்திரம், பூ, சிரிக்கிற முகம் என்று ஏதோ எதிர்பார்த்திருப்பாய். எங்களுக்குத் தெரிந்த குறி மூன்றே மூன்றுதான், யாரும் யாரிடமும் கேட்காமலே பதினொரு பேரும் அதையே போட்டுவிட்டார்கள். தாளைப் பார்த்து நீ தலையைச் சொறியக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், கேட்டுக்கொள். துணியின் ஓரத்தில் புள்ளி வைத்தால் கறை இருக்கிறது, இன்னொரு தடவை துவைக்க வேண்டும். வட்டம் போட்டால் கிழிசல், தையல் மூலைக்கு அனுப்ப வேண்டும். பெருக்கல் குறி போட்டால் தேறாது, கழிவு. ஒன்றும் போடாவிட்டால் நல்ல துணி, மடித்து அடுக்கலாம். ஆகவே தாளில் எங்கே வெறுமையாக இருக்கிறதோ அங்கேதான் அவர்கள் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள், குறி இருக்கிற இடமெல்லாம் ஏதோ வில்லங்கம், நீ தலைகீழாகப் படித்துவிடாதே. மெஷின் ஓட்டுகிறவர் தன் இருபத்தெட்டாவது வயதில் பெரிய புள்ளியாக வைத்திருக்கிறார், அது அவர் கல்யாண வயது. தையல் மூலையில் உட்கார்ந்திருப்பது அவர் சம்சாரம் என்பது மனுஷருக்கு மறந்தே போய்விட்டது. அவள் தாளை எட்டிப் பார்த்தால் அதே வருஷத்தில் வட்டம். கறைன்னு நீங்க சொல்றீங்க, எனக்குக் கிழிஞ்சதே அன்னிக்குத்தான் என்று அவள் சொல்ல, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது.

ஆனால் ஒரு இடத்தில் எல்லாரும் முட்டிக்கொண்டு நின்றோம். உன் கோடு நாற்பதோடு முடிந்துவிட்டது. மேஜையைச் சுற்றி இருந்ததில் நாற்பதுக்குக் கீழே இரண்டே பேர். அப்ப நாங்கெல்லாம் எங்க போய் உட்கார்றது, உன் பொண்ணு எங்களை நாப்பதுலயே இறக்கி விட்டுட்டாளே என்று மடிப்பு அக்கா கேட்டார். மடிப்பு அக்கா யாரென்று உனக்கு நான் சொல்லியிருக்கிறேன், என்னைவிட மூன்று வயது பெரியவர், போர்வையை ஒரே உதறலில் நாலாக மடிப்பார், வாயைத் திறந்தால் யாரையும் விட மாட்டார். வாழ்நாள் முழுவதும் என்று தலைப்பில் போட்டுவிட்டு நாற்பதில் நிறுத்துகிறாயே, உன் வாத்தியார் மூளை எங்கே போயிற்று என்று எனக்கும் தோன்றியது, பிறகு உனக்கு முப்பதுதான் ஆகிறது, உன் கண்ணுக்கு நாற்பது மலையுச்சி மாதிரி தெரிந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தையல்காரி சும்மா இருக்கவில்லை. பழைய காலண்டர் தாளை நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் வைத்து மெஷினிலேயே தைத்துக் கோட்டை எழுபது வரைக்கும் நீட்டிக் கொடுத்துவிட்டாள். தாளில் நீல நூல் தையல் தெரிகிறதே, அது அதுதான், கிழித்துப் பார்க்காதே.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்தச் சமயத்தில் எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். துணிப் பிரிவுக்கும் துப்புரவுப் பிரிவுக்கும் புதிதாக வருகிற எல்லாருக்கும் இனி இரண்டு வாரப் பயிற்சி கட்டாயம், அதை நடத்த ஒரே ஒரு பயிற்சியாளர் தேவை, உள்ளே வேலை செய்கிறவர்களே மனுப் போடலாம், பத்தாவது படித்திருந்தால் போதும், வயது தடையில்லை, நேர்காணலும் மாதிரி வகுப்பும் உண்டு என்று போட்டிருந்தது. ஒன்பது நாள் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன், ஒன்பது நாளும் முழுசாகப் படித்தேன், யாராவது பின்னால் வந்தால் பக்கத்தில் இருந்த தண்ணீர்க்குழாய் அறிவிப்பைப் படிக்கிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு ஐம்பத்து நாலு ஆகிறது, இன்னும் ஆறு வருஷம் அந்த இஸ்திரி உருளைக்கு முன்னாலேயே நின்று ஓட்டிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதுதான் பயமாகவும் இருந்தது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், அப்பாவுக்கும் போன மாதம்தான் தெரியும். முப்பத்து மூன்று வயதில் நான் மேற்பார்வையாளர் தேர்வுக்குப் போனேன். கேள்வித்தாளில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் பேனாவைப் பிடித்ததும் கை நடுங்க ஆரம்பித்தது, நடுங்குகிறதே என்று வெட்கப்பட வெட்கப்பட இன்னும் நடுங்கியது, ஒன்றரைப் பக்கம் கிறுக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு மெஷின் ரிப்பேர், சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்றேன். அன்றைக்கு நீ பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தாய், அதற்கு உன்மேல் எரிந்து விழுந்தேன், நீ கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதாய். அது பென்சிலுக்கான கோபம் இல்லையடி கண்ணே. இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துக்கொள்.

ஆகவே என் தாளில் முப்பத்து மூன்றில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதோடு விட்டிருக்கலாம், ஐம்பதிலிருந்து எழுபது வரைக்கும் வரிசையாகப் பெருக்கல் குறியாகப் போட்டு நிரப்பிவிட்டேன், இனி எனக்கு என்ன இருக்கிறது என்ற நினைப்புதான். கீழே நீ கேட்டிருந்த மூன்று கேள்வியில், யாரும் சொல்லாமலே நீங்களாகச் செய்தது எது என்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுதினேன். செய்யச் செய்யக் கைவந்தது எது என்பதற்குத் துணி மடிப்பது. யாரோடு சேர்ந்து செய்தபோது நன்றாக இருந்தது என்பதற்கு எல்லாரோடும். எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ டம்ளரைக் கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் தாள் மடிப்பு அக்கா கையில். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிறகு அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏன்டி, ரெண்டு பேர் பார்க்காம கழிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்ற, நீயே தனியாளா உட்கார்ந்து இருபது வருஷத்தைக் கழிச்சுப் போட்டிருக்க, யார் கையெழுத்துப் போட்டா இதுக்கு என்று கேட்டார்.

எங்கள் கூடத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது. எந்தத் துணியையும் கழிவு என்று ஒதுக்க வேண்டுமானால் மூன்று தடவை துவைத்திருக்க வேண்டும், இரண்டு பேர் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்திருக்க வேண்டும், பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏனென்றால் ஓய்ந்துபோன கண்ணுக்கு எல்லாத் துணியும் கறையாகத்தான் தெரியும். ஒரு சமயம் ஒருத்தி வேலை முடிகிற நேரத்தில் தனியாகப் பார்த்து நாற்பது படுக்கை விரிப்பைக் கழித்துவிட்டாள், மறுநாள் பார்த்தால் கறை விரிப்பில் இல்லை, தலைக்கு மேலே விளக்குக் கண்ணாடியில். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, துணி விஷயத்தில் அது தெரிந்து விதி போட்டிருக்கிறோம், நம் விஷயத்தில் தெரியவில்லை. அக்கா அதோடு நிற்கவில்லை. பேனாவை எடுத்து நான் எழுதியிருந்த துணி மடிப்பது என்பதை அடித்துவிட்டுச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதினார். பதினெட்டு வருஷத்துக்கு முன் அவர் வேலைக்கு வந்த முதல் நாள், உருளையில் விரல் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து மூலையில் நின்று அழுதாராம், நான் போய் அவர் கையைப் பிடித்து, துணியை விடுங்க, உருளை இழுத்துக்கும், நீங்க பிடிச்சா உங்களையும் இழுக்கும், விட்டா துணியை மட்டும்தான் இழுக்கும் என்று சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. பிறகு மெஷின்காரர், எனக்கும் இவங்கதான் என்றார். தையல்காரி, எனக்கும் என்றாள். ஒவ்வொருவராக ஆமாம் ஆமாம் என்று ஏலம் எடுக்கிற மாதிரி கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள், அங்கே இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என்னை யாரும் அதற்கென்று வைக்கவில்லை, நானும் அதை ஒரு வேலை என்று கணக்கில் வைத்ததே இல்லை. யாரும் சொல்லாமலே நீங்களாகச் செய்தது எது என்று நீ கேட்டாயே, அதற்கு நான் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேனே. பலகை முன்னால் நான் தலையைத் திருப்பிக்கொண்டதையெல்லாம் அக்கா பார்த்தே இருந்திருக்கிறார், அந்தப் பயிற்சியாளர் வேலைக்கான மனுவை அன்றைக்கே வாங்கிவரச் செய்து, மேஜையில் உட்கார வைத்து, எழுதி முடிக்கிறவரை யாரும் என்னை எழுந்திருக்க விடவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஆரம்பித்தார். ஐம்பதுல வளையலைன்னா உங்க முழங்காலுக்கு எதுக்கு டாக்டர் தினம் வளைச்சு நீட்டச் சொல்றார் என்று கேட்டேன். ஆனால் மனுஷரைச் சும்மா சொல்லக் கூடாது. அன்று சாயங்காலமே முன்னறையில் நாற்காலியெல்லாம் வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தலையணையை உட்கார வைத்து, இவங்கதான் உன் மாணவர்கள், ஆரம்பி என்றார். பழைய கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நான் வளவளவென்று இழுத்தால் ஒரு விசில், குரல் கம்மினால் இரண்டு விசில். கீழ் வீட்டுக்காரர் இரண்டாம் நாள் மாடி ஏறி வந்து, வீட்ல பஸ் ஏதும் வாங்கிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் இப்படியே போயிற்று, எனக்குப் பேச்சு ஒரு பக்கம் மனப்பாடம் ஆகிவிட்டது, விசில் சத்தம் கனவில் வர ஆரம்பித்துவிட்டது.

நேர்காணல் அன்றைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், பெரிய டாக்டர், தலைமை நர்ஸ், ஒரு அலுவலக அதிகாரி. பத்து நிமிஷம் எங்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுங்கள் என்றார் டாக்டர். மனப்பாடம் செய்த முதல் வரியே வரவில்லை. அன்றைக்குத் தேர்விலிருந்து எழுந்து வந்த மாதிரி இதோ எழுந்து போகப் போகிறேன் என்று நினைத்தேன். பையில் ஒரு படுக்கை விரிப்பு வைத்திருந்தேன், அதன் உள்மடிப்பில் தையல்காரியின் சிவப்புச் சாக்குக்கட்டியை அரைத்துத் தூவி வைத்திருந்தேன், அதைப் பற்றிப் பேச்சின் கடைசியில்தான் சொல்வதாக இருந்தது. வேறு வழி தெரியாமல் அதை எடுத்து டாக்டரிடம் நீட்டி, ஐயா, இது நோயாளி படுக்கையிலிருந்து எடுத்தது, கொஞ்சம் அந்த மூலைக் கூடையில போட்டுட்டு வாங்க என்றேன். அவரும் எழுந்து அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போய், கூடைக்கு மேலே ஒரு உதறு உதறிப் போட்டார். ஐயா, இப்ப உங்க கோட்டைப் பாருங்க என்றேன். வெள்ளைக் கோட்டு முழுக்கச் சிவப்பு. தரையில் கூடை வரைக்கும் கோடு, அதிகாரியின் காகிதத்தின் மேலேகூடப் பொடி. தலைமை நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். இந்தப் பொடி கிருமின்னு வெச்சுக்குங்க, இதோட நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போவீங்க, போனதும் முதல்ல யாரைத் தூக்குவீங்க என்று கேட்டேன். பேத்தியை என்றார் டாக்டர். பிறகு நான் வேறு விரிப்பைக் கொடுத்து, ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுருட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, உதறாமல் போடச் சொல்லிக்கொடுத்தேன், மூன்று பேரும் எழுந்து செய்தார்கள், அதிகாரி இரண்டு தடவை செய்தார்.

கடைசியில் அந்த அதிகாரி, இத்தனை வருஷம் இல்லாம இந்த வயசுல இந்த ஆசை எப்படி வந்துச்சு என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் நிஜத்தைச் சொன்னேன். ஆசை பழசுதான் ஐயா, எனக்கு அது இருக்குன்னு இந்த மாசம்தான் தெரிஞ்சது, தெரிஞ்சதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல என்றேன். உன் குறிப்பில் நீ நாலு பக்கம் எழுதியிருந்தது இதைத்தானே, சரியா தப்பா, வாத்தியாரம்மா?

அதனால் உன் வகுப்பைப் பற்றி எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், படித்தவர்கள் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களோ என்னவோ. அந்தக் கோட்டை முதலில் நீளமாகப் போடு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எழுபது தேவையா என்று கேட்காதே, இன்றைக்குத் தப்பாக ஏறிவிட்டாலும் இறங்கி வேறு பஸ் பிடிக்க நிறைய நிறுத்தம் இருக்கிறது என்று அது கண்ணால் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும், இது உன் அப்பா சொன்ன உதாரணம், எழுதச் சொன்னார். இரண்டாவது, தாளை யாரையும் தனியாக எழுதி முடிக்க விடாதே, பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல். பிள்ளைகள் தங்களுக்கு எது சுலபமாக வருகிறதோ அதை ஒரு திறமை என்றே நினைக்காமல் ஒன்றுமில்லை என்று எழுதிவைக்கும், உன் அம்மாவே எழுதினாள், கூட இருக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். வகுப்பில் மந்தம் என்று நீங்கள் ஒதுக்கிவைத்திருக்கிற பிள்ளையின் தாளை மட்டும் நீயே உட்கார்ந்து, அது கூட விளையாடுகிற பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். இன்னொன்று, பெற்றவர்களுக்கும் ஒரு தாள் கொடுத்தனுப்பு. பிள்ளை என்ன ஆகும் என்று கவலைப்படுகிற நேரத்தில் தாங்கள் இன்னும் என்ன ஆகலாம் என்று அவர்களும் கொஞ்சம் யோசிக்கட்டும், பிள்ளைகளுக்கும் தொல்லை குறையும். மிச்சமிருந்த பன்னிரண்டாவது தாளை உன் அப்பா எழுதி, எனக்குக் காட்டாமல் மடித்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார், நான் ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிட்டேன், அறுபத்தைந்துக்கு நேரே நீச்சல் கற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முழங்காலுக்கு நல்லதுதான் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார், நீ ஒன்றும் தெரியாத மாதிரி இரு.

சரி, நீ இத்தனை நேரம் பொறுமையாக இருந்ததே பெரிது. முடிவை வியாழக்கிழமை பலகையில் ஒட்டினார்கள். அன்றைக்கு எனக்கு அழுக்குப் பக்கத்தில் வேலை, முகக்கவசம், கையுறை, முழங்கால் வரைக்கும் அங்கி. அழுக்குப் பக்கத்துக்கும் சுத்தப் பக்கத்துக்கும் நடுவில் சுவர், அதில் ஒரு கண்ணாடி மட்டும்தான் உண்டு, குளித்து உடை மாற்றாமல் இங்கிருந்து அங்கே போக முடியாது. பலகை அந்தப் பக்கம். பதினொரு மணி இருக்கும், நாலு மெஷினும் ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, எதற்கோ தலையைத் தூக்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மடிப்பு அக்கா ஆடிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தேழு வயது, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தப்புத் தப்பாக, அவருக்குப் பின்னால் தையல்காரி, மெஷின்காரர், எங்கள் மேற்பார்வையாளர் அம்மா வரைக்கும் நின்று கைதட்டுகிறார்கள், ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆட்டம் மட்டும் தெரிகிறது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்க முடியவில்லை, அழுக்குக் கையுறையோடு முகத்தைத் தொடக் கூடாது, புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரப் போகிற முதல் பாடமே அதுதான், அதனால் இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு மூக்கு ஒழுக ஒழுக நின்றேன். ஆமாம்டி, கிடைத்துவிட்டது. எனக்கே கிடைத்துவிட்டது.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்த காரியம் உன் கையில் கூடி வர வேண்டும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் உன் பெயரைச் சொல்லி நாலு இடத்தில் நல்லபடியாக நிற்க வேண்டும். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், காலையில் வெறும் டீயோடு ஓடாதே, வெள்ளைத் துணியைத் தனியாகத் துவை, உன் அம்மா சலவைக்காரி என்று வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்கிற மாதிரி இருந்தது நீ போன தடவை போட்டுக்கொண்டு வந்த சட்டை. வருகிற திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் முதல் வகுப்பு, இருபது பேர் வருகிறார்கள். நீ வேலைக்குச் சேர்ந்து முதல் வகுப்புக்குப் போன காலையில் போன் செய்து பயமாக இருக்கிறதம்மா என்று சொன்னாய், அதெல்லாம் ஒன்றுமில்லை, உள்ளே போய் நின்றால் தானாக வரும் என்று பெரிய அனுபவசாலி மாதிரி சொன்னேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போனதும் முதல் வார்த்தையாக நீ என்ன சொல்வாய், திங்கட்கிழமை ஏழரைக்குள் போன் செய்து எனக்குச் சொல்லம்மா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா